ரமணிசந்திரன் படிக்கிறேன் என்று சொல்ல ஏன் கூச்சம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 29. புதிதாக ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, "இப்போ என்ன படிச்சிட்டு இருக்கீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சொன்ன பெயர்களில் பாதி உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பையில், காதலும் குடும்பமுமாகக் கதை சொல்லும் ரமணிசந்திரனின் நாவல் ஒன்று இருந்தது. போதாக்குறைக்கு, அப்பா சேர்த்துவைத்த முத்து காமிக்ஸை இன்னும் எடுத்துப் படிக்கிறவர் நீங்கள். உங்கள் முறை வந்தபோது, படிக்காத ஒரு நாவலின் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். ரசனை வளரவே இல்லையா, இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா, வீட்டுக்கு யாராவது வந்தால் காமிக்ஸ் கட்டை உள்ளறைக்கு எடுத்துப்போகிறேனே, அது சரியா என்று கேட்கிறீர்கள்.

நான் பொது நூலகத் துறையில் கிளை நூலகராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை வாய்விட்டு யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் மேஜைக்கு எதிரில் தினமும் பார்த்திருக்கிறேன்.

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். புத்தகம் எடுத்துப்போகும்போது, திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் ரப்பர் ஸ்டாம்பால் குத்திக் கொடுப்போம். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், லட்சுமி புத்தகங்களில் அந்தச் சீட்டு ஊதா மையால் நிறைந்துபோய், அதன்மேல் இன்னொரு சீட்டு, அதற்கும் மேல் இன்னொன்று என்று ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி தடித்திருக்கும். அதே அலமாரியில், அருமையான நாவல்கள், மூன்றே மூன்று முத்திரையோடு, முதல் சீட்டுகூட வெளுக்காமல் இருந்தன. அந்த மூன்று பேர் யார் என்றுகூட எனக்குத் தெரியும். ஒன்று நான்.

அந்தத் தடித்த சீட்டுப் புத்தகங்களை எடுத்துப்போனவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? தையல் கடைப் பெண்கள் உண்டு, சத்துணவு அமைப்பாளர் உண்டு. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள், வங்கி அதிகாரிகள், ஒரு குழந்தை மருத்துவர் எல்லோரும் உண்டு. இந்தப் பின்னவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மேலே ஒரு கனமான புத்தகம், அதற்கு அடியில் நாவல், இப்படித்தான் மேஜையில் வைப்பார்கள். நான் முத்திரை குத்தும்போது, நான் எதுவும் கேட்காமலே, "வீட்ல கேட்டாங்க" என்பார்கள். வீட்டம்மா கேட்டார்கள், அக்கா கேட்டாள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அடுத்த வாரம் திருப்பித் தரும்போது, "இவங்களோட அடுத்தது வந்திருக்கா சார்?" என்பவரும் அவரேதான். அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வட்டத்தில் பெயர் மாற்றிச் சொன்னது நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க வாய்ப்பே இல்லை.

இந்தக் கூச்சம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. வீட்டில் தனியாகப் படுத்துப் படிக்கும்போது இருந்ததா? இல்லை. கேட்க ஓர் ஆள் வந்ததும்தான் வந்தது. அதனால் ரசனையை ஆராய்வதற்கு முன்னால், நம் ஊரில் இந்தக் கூச்சம் எப்படி உண்டானது என்று பார்ப்பது நல்லது. அது தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும் என்பது என் அனுபவம்.

நூறு வருடத்துக்கு முன்னால், தமிழில் நாவல் படிப்பதே கெட்ட பழக்கம். எந்த நாவல் என்ற பேச்சே இல்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் மாதிரியான ஆங்கில எழுத்தாளர்களைத் தழுவித் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்த காலம் அது. பெண்களும் இளைஞர்களும் இதைப் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று பெரியவர்கள் பதறினார்கள். வை.மு. கோதைநாயகி என்ற பெண்மணி 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதியது இந்தப் பதற்றத்தின் நடுவில்தான். ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வாசகர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. இன்று அதே வடுவூராரையும் கோதைநாயகியையும் வைத்துப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் கோடு நகர்ந்தது. இப்போது நாவல் படிக்கலாம், ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை தாழ்வு. இந்தப் பிரிவினையை அழுத்தமாகச் சொன்னவர்கள் க.நா.சு., சி.சு. செல்லப்பா, பிறகு சுந்தர ராமசாமி போன்ற எழுத்தாளர்கள், விமர்சகர்கள். உங்கள் வாசகர் வட்டத்தில் நீங்கள் உணர்ந்த காற்று அங்கிருந்து வீசுவதுதான். இவர்கள் ஏன் அவ்வளவு கறாராகப் பேசினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். ஒரு பக்கம் லட்சக்கணக்கில் விற்கும் வார இதழ்கள். இன்னொரு பக்கம் சில நூறு பேர் படிக்கும் சிற்றிதழ். தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். அந்த நிலைமையில் குரல் உயரத்தான் செய்யும். உயராமல் இருந்திருந்தால் புதுக்கவிதை நமக்குக் கிடைத்திருக்காது, எத்தனையோ சிறுகதைக்காரர்கள் காணாமல் போயிருப்பார்கள். நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் கோபம் சந்தையை நோக்கியது, பத்திரிகை முதலாளிகளை நோக்கியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு ஒரு கதை படிக்கிற பெண்ணை நோக்கியது அல்ல. காலப்போக்கில் அந்தக் காரணம் மறந்துபோய், முகச்சுளிப்பு மட்டும் கைமாறி வந்துவிட்டது. இன்று பல இடங்களில் புழங்குவது அந்தச் சுளிப்புதான்.

அந்தக் கோடும் ஒன்றும் கல்லில் வெட்டியது இல்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில்தான் வந்தது. சாகித்ய அகாடமி பரிசு வாங்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தினமணி கதிரில் வந்த தொடர்கதை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் வாராவாரம் வந்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று காத்திருந்து படித்தவர்கள் அதன் முதல் வாசகர்கள். குடும்பக் கதைகள் எழுதிய டாக்டர் லட்சுமிக்கு 1984இல் அதே சாகித்ய அகாடமி கிடைத்தது. சுஜாதா குமுதத்தில் கணேஷ், வசந்தை வைத்துத் துப்பறியும் தொடர் எழுதிக்கொண்டே, 'கணையாழி' என்ற இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் கவிதை பற்றியும் சினிமா பற்றியும் பேசினார். துப்பறியும் தொடருக்காகத் தொடங்கி, அந்தக் கடைசிப் பக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அசோகமித்திரன் மாதிரியான இலக்கிய எழுத்தாளரிடம் போய்ச் சேர்ந்தவர்களை எனக்கே ஏழெட்டுப் பேர் தெரியும்.

2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் உள்ளிட்டவர்களின் கதைகளை ஆங்கிலத்தில் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த அதே கதைகள். ஆங்கிலத்துக்குப் போனதும் பெரிய புத்தகக் கடைகளில் முன்வரிசையில் அடுக்கினார்கள், ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. மொழியும் மேலட்டையும்தான் மாறின. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்குச் சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒரு கதையின் அந்தஸ்து எவ்வளவு சுலபமாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

நம் ஊரில் இன்னொரு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளியில் ஆங்கிலக் கதைப் புத்தகம் வைத்திருந்த பிள்ளைக்கு ஒரு மரியாதை, கையில் ராணி காமிக்ஸ் வைத்திருந்த பிள்ளைக்கு ஒரு பார்வை. தமிழில் படிப்பதே ஒரு படி கீழே என்று சின்ன வயதில் பழகிவிட்டால், தமிழுக்குள்ளேயும் கீழ்ப்படி தேடிப் பயப்படுவது தொடர்ந்துவிடுகிறது.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். அதைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் பேசுவேன்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962இலிருந்து 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் பிளாஸ்கோ. ஒரு கை போன மனிதனுக்கு இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் மறையாது. அப்பாவின் காமிக்ஸ் கட்டுக்குள் அது இருந்தால் எடுத்து ஒரு பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். அடர்ந்த கறுப்பு நிழல்கள், கோணலான சுவர்கள், நடுவில் ஆள் இல்லாமல் மிதக்கும் ஒரு கை கதவின் பிடியைத் திருப்பும். மறைந்துபோனவனிடம் மறையாமல் மிஞ்சுகிற ஒரு பாகம் உண்டு, அதுவே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிற அந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது! எட்டு வயதில் எனக்கு அதைச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்தக் கட்டத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகப் பிறந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. உருவிய வாளோடு விக்கிரமாதித்தன் நடக்க, முதுகில் வேதாளம் தொங்கும் அந்தப் படம் ஓவியர் சங்கர் வரைந்தது. 2020இல்தான் அவர் மறைந்தார். ஒவ்வொரு மாதமும் வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, ஒரு தர்மசங்கடமான கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். ஒரு கதைக்கு ஒரே நியாயம் இருக்க வேண்டியதில்லை என்று யாரும் பாடம் எடுக்காமல் கற்றுக்கொடுத்தது அது. 'பூந்தளிர்' என்ற சிறுவர் இதழில் எழுத்தாளர் வாண்டுமாமா இருந்தார். வாலை நீட்டும் குரங்கு கபீஷ் இருந்தான், காக்கை காளி இருந்தது, சுப்பாண்டி இருந்தான். சுப்பாண்டி முதலில் ஆங்கில 'டிங்கிள்' பத்திரிகைக்குத் திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பிய பாத்திரம் என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் வாசகர் ஒருவர் தபாலில் அனுப்பிய ஆள், இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்குப் பழக்கமானான்.

இவற்றிலிருந்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். நாம் பேசுகிற தமிழ் வேறு, எழுத்தில் படிக்கிற தமிழ் வேறு. வீட்டில் "வந்துட்டான்" என்கிற பிள்ளை, "வந்துவிட்டான்" என்பதைத் தடங்கல் இல்லாமல் படிக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாடநூல் தந்ததைவிட, 'டுமீல்' சத்தத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் அவசரம் தந்தது அதிகம். வரி வரியாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள், இரண்டு கோடை விடுமுறையில் கண்ணை ஓட்டிப் படிக்க ஆரம்பித்ததை என் நூலகத்தின் சிறுவர் பகுதியில் பார்த்திருக்கிறேன். இன்று நீங்கள் எவ்வளவு கனமான நாவலை எடுத்தாலும் அதைப் படிக்கும் வேகம் அங்கே வந்ததுதான். உங்கள் தலைமுறையில் தமிழ் பேசத் தெரிந்தும் தமிழில் ஒரு பக்கம் முழுதாகப் படிக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ரமணிசந்திரனுக்கும் இதே கணக்குதான். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். சண்டை போட்டவர்கள் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். தெரிந்துதான் படிக்கிறீர்கள். ராமன் பட்டம் கட்டிக்கொள்வான் என்று தெரிந்தேதான் கதாகாலட்சேபத்துக்கு ஊரே போய் உட்கார்ந்தது. முடிவு தெரிந்த கதையில் மனம் வேறு ஒன்றைக் கவனிக்கிறது: எப்படிப் போய்ச் சேர்கிறார்கள், எந்த வார்த்தையில் கோபம் கரைகிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இரவு முழுக்க உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பயப்பட வேண்டாம்னு தெரிஞ்ச புத்தகம் ஒண்ணு கொடுங்க சார்" என்று என்னிடம் கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு எந்த உலக இலக்கியமும் உதவியிருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரிந்ததால் தயங்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் துறைக்கு ஆசான் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் வெளியான அவருடைய நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். உயர்ந்த நூல், தாழ்ந்த நூல் என்று அந்த ஐந்தில் ஒரு சொல்கூட இல்லை. 1948இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று கட்டுகிறோமே, 100 ரூபாய் சொத்து வரிக்கு 10 ரூபாய், அது அந்தச் சட்டத்திலிருந்து வருவது. தையல் கடைப் பெண்ணின் வாடகையிலும் அந்தப் பணம் இருக்கிறது. அவர் கேட்கும் புத்தகத்தை வாங்கி வைக்காத நூலகம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் நான் கடைசிவரை வாதாடினேன்.

இவ்வளவு சொன்னதால், எல்லாமே ஒன்றுதான், தரம் என்று எதுவுமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரம் உண்டு. 'மோகமுள்' ஒரு மனிதனின் சபலத்துக்குள் போகிற ஆழத்துக்கு நீங்கள் பையில் வைத்திருந்த நாவல் போகாது. போவதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. பழைய குடும்ப நாவல்களை இன்று படித்தால் உறுத்தும் இடங்கள் வரும். கதாநாயகனின் பணமும் கோபமும் ஆண்மையாகவே காட்டப்படும். அவன் அதிகாரம் செய்வதைக் காதல் என்று நம்பச் சொல்வார்கள். வெளிநாட்டுப் பழைய காமிக்ஸ்களில் ஆப்பிரிக்க மக்களையும் காட்டில் வாழ்பவர்களையும் வரைந்திருக்கும் விதம் பல இடங்களில் அவமானமானது. சின்ன வயதில் பிடித்தது என்பதற்காக இதையெல்லாம் மூடிவைக்க வேண்டியதில்லை. அந்த இடம் வரும்போது நின்று, இது சரியில்லை என்று நினைத்துவிட்டு மேலே படியுங்கள். பிடித்த அத்தையின் சில பேச்சு நமக்கு ஒப்பாமல் இருப்பதில்லையா, அது மாதிரி. ரசனை வளர்கிறதா என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் நிற்கத் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் கேள்வியிலேயே ஒரு நாவலைப் பற்றி, "கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்காமலே முடித்துவிட்டார்கள்" என்று குறைப்பட்டிருந்தீர்கள். வளர்ந்துதான் இருக்கிறது.

வேறு புத்தகங்களும் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், பழையதை விடாமல். உங்களுக்குப் பிடித்திருப்பது வீட்டுக்குள் நடக்கும் மனப்போர். அதற்குத் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' பொருத்தம். 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும், நடை தண்ணீர் மாதிரி போகும். பத்துப் பக்கம் படித்து ஓடவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு மூன்று வருடம் கழித்து எடுங்கள். எங்கள் நூலகத்தில் மூன்று முத்திரை வாங்கிய புத்தகங்கள் பலவற்றை நானே இரண்டாவது முயற்சியில்தான் முடித்தேன். நான்கு பேர் பேசுகிறார்களே என்று மட்டும் எதையும் எடுக்காதீர்கள். அந்தப் புத்தகத்துக்கும் அது நியாயம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி வந்தால், பையில் இருப்பதைச் சொல்லுங்கள். பெயரோடு நிறுத்தாமல், அதில் உங்களைப் பிடித்திழுத்த ஓர் இடத்தையும் சொல்லுங்கள். "மன்னிப்புக் கேட்காமல் முடிகிறது, அது எனக்கு உறுத்துகிறது, ஏன் அப்படி எழுதினார் என்று யோசிக்கிறேன்" என்று சொன்னால், அந்த அறையில் பேச்சு சூடு பிடிக்கும். பெரிய பெயர்களை அடுக்கியவர்களில் இரண்டு பேராவது, கூட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்து, "நானும் அது படிச்சிருக்கேன்" என்பார்கள். அப்படியும் யாராவது சுளித்தால் சுளிக்கட்டும். நீங்கள் படித்ததைச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக அப்பாவின் காமிக்ஸ் கட்டு. தாராளமாக ஹாலிலேயே வையுங்கள். ஆனால் ஜன்னல் வெயில் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அது செய்தித்தாள் காகிதம், வெயில் பட்டால் பழுத்து நொறுங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். நடுவில் இருக்கும் ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்திருந்தால் நகத்தால் பிடுங்காமல், பின்பக்கம் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூல் கோத்து முடிச்சுப் போடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டவே கூடாது. இரண்டு வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் அரித்துவிடும். மைதாப் பசையில் மெல்லிய டிஷ்யூ தாள் போதும், அந்தப் பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்தால் பூச்சி வராது. மயில்துத்தம் விஷம், கையை நன்றாகக் கழுவ வேண்டும். அலமாரி மூலையில் இரண்டு துண்டு வசம்பு போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டிப் பிரித்து வைத்தால் நல்லது. எப்படியும் அதில் ஒன்றை எடுத்து உட்கார்ந்துவிடுவீர்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.